இரண்டு பேர் வீட்டுக்கு எந்த ஹொட் டப்? ஜெட்டை எண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான்: ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் டவுன்ஹவுஸ் (வரிசை வீடு). நீங்களும் மனைவியும் மட்டும். வருடத்தில் பாதி நாள் ஊரிலிருந்து அம்மா வந்து நிற்பார். சுவர் பிளக்கிலேயே போடக்கூடிய சின்ன ஹொட் டப் (வெளியே வைத்து உள்ளே இறங்கி இருக்கிற சுடுதண்ணீர்த் தொட்டி) போதுமா, அல்லது காசைக் கொஞ்சம் கூடப் போட்டு ஆறு பேர் தொட்டியாக எடுப்பதா? சமையலறைக்கு வெளியே உள்ள டெக்கில் (மரத்தளத்தில்) வைக்கலாமா? ஹைட்ரோ பில் (மின்சாரக் கட்டணம்) எவ்வளவு ஏறும்? அம்மாவின் முழங்கால் வலிக்கு உதவுமா? கேள்வி நான்கு என்றாலும், நான் வாசித்த அளவில் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இவ்வளவு செலவழித்து எடுத்தால் இரண்டாவது குளிர்காலத்திலும் இதைப் பாவிப்போமா, இல்லை மூடியின் மேல் பனி ஏறிக் கிடக்கப் போகிறதா? ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் ஹொட் டப் பூட்டுவதும் திருத்துவதும்தான் பல வருடமாக என் தொழில். எந்தக் கம்பனிக்கும் நான் விற்றுக்கொடுப்பதில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், என் அபிப்பிராயம் மட்டும் என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

அளவைப் பேசுவதற்கு முதல் இடத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் டெக் விஷயத்தில் கணக்கு மிகத் தெளிவானது. மூன்று பேர் இருக்கக்கூடிய சாதாரணத் தொட்டி ஒன்று ஏறத்தாழ 950 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதுவே 950 கிலோ. வெறும் தொட்டி 180 கிலோ அளவில் வரும். மூன்று பேர் ஏறினால் இன்னும் 200 கிலோ. மொத்தம் 1,300 கிலோவைத் தாண்டுகிறது. தொட்டியின் அடிப்பரப்பு 2 மீற்றருக்கு 1.7 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீற்றரில் இறங்குகிற பாரம் 390 கிலோ. ஒன்ராறியோவில் சாதாரண வீட்டு டெக் ஒன்றைக் கட்டும்போது எடுக்கிற பாரக் கணக்கு சதுர மீற்றருக்கு 190 கிலோ அளவுதான். பனி அதிகம் விழுகிற இடங்களில் சற்றுக் கூடும். அதாவது உங்கள் டெக் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைப்போல இரண்டு மடங்கு. 'ஒன்றும் ஆகாது, நாங்கள் இருபது பேர் நின்று பார்ட்டி வைத்திருக்கிறோம்' என்று பலர் சொல்வார்கள். அந்த இருபது பேரும் இரவு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தொட்டி போகாது, அது வருடக்கணக்காக அதே உத்திரங்களின் மேல் இருக்கும், அதன் மேல் பனியும் விழும். நிலத்திலிருந்து உயர்ந்த டெக் என்றால், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வைக்கவே வேண்டாம். அந்தக் கையெழுத்து என் தொழிலுக்குள் வராது. படத்தைப் பார்த்து 'தாங்கும்' என்று சொல்கிற யாரையும் நம்பவும் வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது தரையில் வையுங்கள் என்பதுதான். 10 சென்ரிமீற்றர் கனத்தில் கொங்கிரீட் தளம் போட்டால் போதும். நன்றாக இறுக்கிய சரளைக்கல் படுக்கையின் மேல் போட்ட இன்ரர்லொக் கல்லும் சரிவரும். புல்லைக் கிளறிவிட்டு மண்மேல் நேராக அடுக்கிய கல் மட்டும் கூடாது: நிலம் உறைந்து உப்பி, வசந்தத்தில் இறங்கும்போது ஒரு மூலை தாழும், தண்ணீர் மட்டம் சரியும், தொட்டியின் உடல் முழுப் பாரத்தையும் ஒரு பக்கத்தில் தாங்கத் தொடங்கும். வீட்டுக் கதவிலிருந்து எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஜனவரி இரவில் நனைந்த காலோடு பத்து அடி நடப்பதற்கும் நாற்பது அடி நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பல வீடுகளில் தொட்டி பாவிக்கப்படுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. டவுன்ஹவுஸ் என்பதால் இன்னொன்று: தொட்டியை நிமிர்த்திப் பக்கவாட்டில் நிறுத்தித்தான் கொண்டுவருவார்கள். ஆகவே பக்கத்துக் கேற் தொட்டியின் உயரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், கூடவே வண்டிக்கும் கைக்கும் கொஞ்சம் இடம். ஏ.சி. பெட்டி, காஸ் மீற்றர், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பு, இவற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். வரிசையின் நடுவீடு என்றால் வீட்டுக்கு மேலால் கிரேனில் இறக்க வேண்டி வரலாம். அந்தச் செலவு தொட்டியின் விலையில் இருக்காது. கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி முதல் வேலை. வேலி, பூட்டக்கூடிய மூடி பற்றிய விதிகள் நகராட்சிக்கு நகராட்சி மாறும், அதனால் அஜாக்ஸ் நகராட்சியிடமே கேளுங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி அளவு. இரண்டு பேருக்கு ஆறு பேர் தொட்டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விருந்தாளிகளுக்காக வாங்குகிறவர்கள் வருடத்தில் சில நாளுக்காக 1,500 லீற்றருக்கு மேல் தண்ணீரை 365 நாளும் சூடாக வைத்திருக்கிறார்கள். ஆனால் சின்னது என்றால் எல்லாம் லேசு என்றும் நினைக்காதீர்கள். சின்னத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும். தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு இந்தத் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: அமெரிக்க கலனில் உள்ள கொள்ளளவை மூன்றால் பிரித்து, வருகிற தொகையை ஒரு நாளைக்கு இறங்குகிறவர்களின் எண்ணிக்கையால் பிரிப்பது. 950 லீற்றர் என்பது 250 கலன். நீங்கள் இருவரும் தினமும் இறங்கினால் ஏறக்குறைய 42 நாள். அம்மாவும் சேர்ந்தால் 28 நாள். 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்' என்று கடையில் சொல்வது பெரிய தொட்டிக்கும் குறைந்த பாவனைக்கும் சரிவரலாம், உங்களுக்குச் சரிவராது. அதனால்தான் இரண்டு பேருக்கு மிகச் சின்னதை எடுக்காமல், மூன்று பேர் தொட்டி, 900 முதல் 1,100 லீற்றர் வரை என்று சொல்கிறேன். இரண்டு பேர் காலை நீட்டி எதிரெதிரே இருக்கவும் அந்த அளவு வேண்டும்.

பிளக்கா, தனி வயரிங்கா? சுவர் பிளக் என்றால் 120 வோல்ட், 15 ஆம்ப். அதிலிருந்து எடுக்கக்கூடியது அதிகபட்சம் 1,800 வாட். ஹீற்றருக்கு ஒரு கிலோவாட் போனால் பெரிய பம்புக்கு மிச்சம் போதாது. ஆகவே இப்படிப்பட்ட பல தொட்டிகளில் ஜெட்டை (தண்ணீரைப் பீச்சுகிற துளைகளை) வேகமாக ஓடவிட்டால் ஹீற்றர் நின்றுவிடும். (இங்கேயே ஒரு பொய்யையும் பிடித்துக்கொள்ளலாம்: 1,800 வாட் முழுவதும் மோட்டருக்கே போனாலும் 2.4 குதிரைவலுதான் வரும். பிளக்கில் ஓடுகிற தொட்டியில் '4 குதிரைவலு பம்ப்' என்று ஒட்டியிருந்தால் அது மோட்டர் கிளம்புகிற நொடியின் எண், ஓடுகிறபோது உள்ள வலு அல்ல.) 950 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் ஏற்ற 1.1 யூனிட் மின்சாரம் வேண்டும். குழாயிலிருந்து 10 பாகையில் வரும் தண்ணீரை 39க்குக் கொண்டுபோக 32 யூனிட். ஒரு கிலோவாட் ஹீற்றருக்கு அது ஒன்றரை நாள் வேலை, 4 கிலோவாட் ஹீற்றருக்கு ஒரு பகல். முதல்முறை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றப் போகிறீர்கள்.

மைனஸ் 15இல் காற்றோடு மூடியைத் திறந்து ஜெட்டைப் போட்டு அரை மணித்தியாலம் இருந்தால் சூடு ஒரு பாகைக்கு மேல் இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். பிளக் தொட்டியில் அதைத் திரும்ப ஏற்ற இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். நீங்கள் இறங்கி, பிறகு மனைவி வேலையால் வந்து தனியாக இறங்குவதாக இருந்தால், அவருக்கு அது குளிர்ந்த தண்ணீர்தான். ஆகவே என் யோசனை: இரண்டு விதமாகவும் பூட்டக்கூடிய தொட்டியாக எடுங்கள், முதலிலேயே 240 வோல்ட்டில் பூட்டுங்கள். வயரிங் ஆயிரம் டொலருக்கு மேல் போவது சாதாரணம். ஆள் பிடித்துச் செய்வதென்றால் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து அவர்களின் பரிசோதனைச் சான்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். செலவு கட்டாது, பிளக்கில்தான் போடுவேன் என்றால், அந்த இணைப்பில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

காற்றடித்து வைக்கிற தொட்டியைப் பற்றியும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கையேட்டிலேயே 4 பாகைக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்று போட்டிருக்கும். எங்கள் ஊருக்கு அது கோடைகாலச் சாமான். ஆனால் உங்களுக்கு இந்தப் பழக்கம் பிடிக்குமா என்று ஒரு கோடையும் இலையுதிர்காலமும் பார்ப்பதற்கு அதைவிட மலிவான வழி இல்லை.

ஹைட்ரோ பில்லைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் வருகிற 'மாதம் இத்தனை டொலர்தான்' என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் கலிபோர்னியா மாநில லேபிளைத் தேடுங்கள். அங்கே விற்கிற ஒவ்வொரு தொட்டியிலும், மூடியபடி சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்று போட வேண்டும் என்பது சட்டம். தயாரிப்பாளர்கள் பலர் அங்கேயும் விற்பதால் இங்குள்ள தொட்டிகளுக்கும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது தண்ணீர் 39 பாகையிலும் வெளியே 15.5 பாகையிலும் இருக்கும்போது அளந்த எண். உங்கள் அளவுத் தொட்டிக்கு 190 வாட் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 10இல் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்காகிறது, இழப்பும் அப்படியே: 380 வாட், மாதம் 275 யூனிட். வரி, விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சென்ட் என்றால் 41 டொலர். இது மூடியைத் திறக்காமலே போகிற செலவு. பாவனை அதற்கு மேல். 2023 மே மாதம் ஒன்ராறியோவில் வந்த 'அல்ட்ரா லோ ஓவர்நைட்' திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் மிக மலிவு, தொடங்கியபோது 2.4 சென்ட். தொட்டியில் நேரம் வைத்து இரவில் சூடேற்றலாம்தான், ஆனால் அதே திட்டத்தில் வாரநாள் மாலை 4 முதல் 9 வரை விலை மிகக் கடுமை. சமையல், உலர்த்தி எல்லாம் அந்த நேரத்தில்தான் என்றால் தொட்டியில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் விட்டுவிடுவீர்கள்.

சூடு போகிற பெரிய வழி மேல்பக்கம். ஆகவே கடையில் நின்று நீங்கள் அதிக நேரம் பார்க்க வேண்டியது ஜெட்டை அல்ல, மூடியை. நடுவில் 5 அங்குலம், ஓரத்தில் 3 அங்குலமாவது கனம் இருக்கட்டும். இரண்டாக மடிகிற இடத்தில் இடைவெளி விடாமல் முழு நீளத்துக்கும் ஃபோம் பட்டை வைத்து அடைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் வீடுகளுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பதும் அந்த மடிப்பைத்தான்: அதன் நேர் மேலே மட்டும் பனி உருகிக் கறுப்புக் கோடு போல் தெரிந்தால், காசு அந்த வழியால் போகிறது. காலம் போக உள்ளேயிருக்கும் ஃபோம் நீராவியைக் குடித்துப் பாரமாகிவிடும். ஒரு ஆள் தூக்க முடிந்த மூடி இரண்டு பேருக்கும் பாரமானால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. நல்ல மூடிக்கும் ஐந்தாறு வருடம்தான் ஆயுள். சின்னக் குடும்பம் என்பதால் மூடியைத் தூக்கிக் கொடுக்கிற கை போன்ற கருவி ஒன்றைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். உங்கள் மனைவி தனியாகத் திறக்க முடியாத தொட்டியை அவர் தனியாகப் பாவிக்கப் போவதில்லை.

மின்சாரம் போனால் உறைந்துவிடுமா என்ற பயம் 2013 டிசம்பர் பனிமழைக்குப் பிறகு ரொறன்ரோவில் எல்லோருக்கும் வந்தது. அப்போது சில வீடுகளுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி சூடு வெளியே போகாதபடி நல்ல காப்புள்ள, மூடிய தொட்டி ஒரு நாளைக்கு எட்டு பாகை அளவில் இறங்கும். ஒரு இரவு மின்சாரம் போனதற்காக ஓடித் திரிய வேண்டியதில்லை. ஆனால் பம்பும் மெல்லிய குழாய்களும் இருக்கிற பெட்டிப் பக்கம் தண்ணீரைவிட முதலில் உறையும். காப்பு முழுவதும் ஃபோம் நிரப்பியதா, சுவரோரம் மட்டும் ஒட்டியதா என்று கேட்கச் சொல்வது இதனால்தான். முழு ஃபோம் சூட்டை நன்றாகப் பிடிக்கும். கசிவு வந்தால் தோண்டித்தான் தேட வேண்டும். திருத்துகிறவன் எனக்கு அது தலையிடிதான், ஆனாலும் எங்கள் குளிருக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

தண்ணீர்ப் பராமரிப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாத எண்கள் சில உண்டு: குளோரின் 3 பி.பி.எம்.முக்கு (பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்கு) குறையக்கூடாது, புரோமின் என்றால் 4 முதல் 8 வரை, அமிலத்தன்மையைக் காட்டுகிற பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில். 25 முதல் 45 பாகை வரை உள்ள தண்ணீரில் லெஜியனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி நன்றாகப் பெருகும். உங்கள் தொட்டி எப்போதும் அந்தச் சூட்டில்தான் இருக்கப் போகிறது. ஓசோன், யூ.வி. இரண்டும் கைகொடுக்கும், ஆனால் குளோரினின் இடத்தைப் பிடிக்காது. 'உப்புத் தொட்டி, இரசாயனமே இல்லை' என்பது தவறு. உப்பிலிருந்து அந்த இயந்திரம் குளோரினையோ புரோமினையோதான் செய்கிறது. நீச்சல் குளத்துக்குப் போடுகிற பெரிய வில்லைகளைப் போடாதீர்கள், அவற்றின் அமிலம் ஹீற்றரையும் அக்ரிலிக்கையும் அரிக்கும். மூடியைத் திறந்ததும் குளோரின் வாசனை மூக்கில் அடித்தால் பலர் குளோரினைக் குறைக்கிறார்கள். அது வேர்வையோடு கலந்து வலுவிழந்த குளோரினின் வாசனை, அப்போது கூட்டத்தான் வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது, வெள்ளைக்காரர் எழுதிய கையேடு எதிலும் இதைக் கண்டதில்லை: தலை எண்ணெய். தேங்காயெண்ணெய் வைத்த தலை ஒன்று இறங்கினால் போதும், தண்ணீர்க் கோட்டில் சாம்பல் நிறத்தில் வளையம் படியும். பில்டரைக் கழற்றினால் மடிப்புக்குள் வழுவழுவென்று சளி போலிருக்கும், தண்ணீர் பீச்சினால் போகாது. எண்ணெய் அகற்றுகிற திரவத்தில் ஒரு இரவு ஊறவைக்க வேண்டும். முடியைக் கட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு இறங்குவதை வீட்டு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நீச்சலுடையை சலவைத்தூள் போடாமல் அலசுங்கள், நுரை வருவது பாதி அதனால்தான். தண்ணீரை மாற்றும்போது குளோரின் இறங்கும்வரை இரண்டு மூன்று நாள் விட்டு உங்கள் புல்லில் விடுங்கள். வீதியோர மழைநீர்க் காணுக்குள் விடக்கூடாது, அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

அம்மா விஷயம். சுடுதண்ணீர் மூட்டு இறுக்கத்தையும் வலியையும் சில மணித்தியாலம் தளர்த்தும், தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும். அதற்கு மேல் 'வாதம் மாறும், இரத்தம் சுத்தமாகும்' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அம்மாவுக்குச் சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். சீனி வருத்தத்தில் கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் எழும்பும்போது தலைசுற்றி விழலாம். 40 பாகை எல்லோருக்கும் உச்ச எல்லை. அம்மா இறங்குகிற நாளில் 37 வைத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயற்சி செய்தாலோ இதுவும் தெரிந்திருக்க வேண்டும்: முதல் மூன்று மாதத்தில் உடம்பு அதிகம் சூடேறுவது குழந்தையின் முதுகெலும்பு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். டொக்டர் சொல்லும்வரை தொட்டி வேண்டாம்.

அம்மாவுக்கு உண்மையான தடை சூடு அல்ல, சுவர். சின்னத் தொட்டியும் 75 முதல் 85 சென்ரிமீற்றர் உயரம். முழங்கால் வலியோடு அதைத் தாண்ட வேண்டும், பனிக்காலத்தில் ஈரப் படியில். அகலமான இரண்டு படியும், நிலத்தில் உறுதியாகப் பூட்டிய கைப்பிடியும் இல்லாமல் அம்மாவுக்காக என்று வாங்காதீர்கள். கடையில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிற தொட்டியில் இறங்கிப் பார்க்க நேரம் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படுத்தபடி இருக்கிற இருக்கை படத்தில் நன்றாக இருக்கும்; ஐந்தடி உயரமான ஒருவரை அதில் தண்ணீர் மேலே தூக்கிவிடும், கால் எட்டாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்த இருக்கை இல்லாத தொட்டியே உங்கள் மூவருக்கும் நல்லது.

எந்தக் கம்பனி நீடிக்கும் என்று கேட்டால், என் சொல்லைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது பழுதான தொட்டிகளை மட்டும். அதிகம் விற்கிற கம்பனியின் தொட்டிதான் எனக்கு அதிகம் வரும், அதனால் அது மோசம் என்று ஆகாது. ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன்: உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி பல்போவா கம்பனியுடையதா, கெக்கோ கம்பனியுடையதா என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், என்னைப் போன்ற யாரும் திருத்துவார்கள். தனக்கென்று செய்த பெட்டியை வைக்கிற கம்பனி மூடிவிட்டால் ஒரு சின்னப் பலகைக்காக முழுத் தொட்டியும் குப்பைக்குப் போகும். ஜெட் எத்தனை என்பது எனக்குக் கடைசிக் கேள்வி. ஒரே பம்பில் ஐம்பது ஜெட்டைப் பிரித்தால் ஒவ்வொன்றும் பலவீனமாகத்தான் வரும்.

கடைக்குப் போக முன் உங்கள் மின் பெட்டியைத் திறந்து பிரதான பிரேக்கரில் 100 ஆம்ப் என்று இருக்கிறதா, 200 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்று இருந்து, மின்சார அடுப்பும் கார் சார்ஜரும் ஏற்கெனவே இருந்தால், 240 வோல்ட் தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியன் முறைப்படி கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கும் கேற்றின் அகலமும் கையில் வரும்வரை எந்தத் தொட்டிக்கும் முற்பணம் கட்டாதீர்கள்.